இனிப்பு நீருக்கு எந்த வழி? மாத்திரை, பச்சிலை, சூரணம், புட்டிச் சாறு

நெகிரி செம்பிலான் பகாவில் போன மாதம் ஒரு கல்யாணம். கோயில் மண்டபத்துப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, இலையில் விழுந்த பாயாசத்தைத் தொடாமல் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உங்க அம்மாவுக்கு இனிப்பு நீருக்கு என்னதான் குடுக்கிறீங்க? எனக்குக் கிளினிக்ல மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறாங்க. எங்க பழைய தோட்டத்துல இருந்த ஒருத்தவங்க ஏதோ சாறு குடிச்சு மாத்திரையையே விட்டுட்டாங்களாம். நானும் அதுக்கு மாறிடவா?"

பந்தியில் பதில் சொல்ல நேரமில்லை. அடுத்த வரிசைக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். இதே கேள்வியைப் புலனக் குழுவிலும் மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். அதனால் அக்காவுக்குச் சொல்ல நினைத்ததை முழுசாக இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. பதினான்கு வருடமாக அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போய் வருகிறவன். அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கீழே சொல்லும் வழிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் வீட்டு அலமாரிக்கு ஒரு காலத்தில் வந்து போனவைதான்.

இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்சினையும் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூன்று பேர் பாயாசத்தை யோசித்துத்தான் தொட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

"இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா" என்று ஆரம்பித்தாலே பேச்சு கோணலாகிவிடுகிறது. கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையின் பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவில் காலேகா என்ற செடியில் இருந்த ஒரு பொருளை ஆராய்ந்து போன வழியில் வந்தது அது. 1957இல் பிரான்சில் இனிப்பு நீருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் தாத்தா பாட்டியைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வரிசையாக நிறுத்தி டிரெசர், அதாவது மருத்துவ உதவியாளர், மலேரியாவுக்கு விழுங்க வைத்த கொயினாவும் மரப்பட்டையில் இருந்து வந்ததுதான். செடியில் இருந்து வந்ததா என்ற கேள்வியால் நமக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. நான் கேட்பது இவற்றை:

உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? இதைச் சொல்ல முடியாத பொருளைப் பற்றி மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? விரலில் குத்திப் பார்க்கும் சீனி அந்த நேரத்துக் கதையை மட்டும் சொல்லும். நேற்றிரவு கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால் காலையில் நல்ல எண் வரும். ஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை அப்படி ஏமாறாது. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. அந்த நாள்களில் அவற்றில் ஒட்டிய சீனியை அளப்பதால் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிந்துவிடும். "பன்னிரண்டு இருந்தது, ஏழாச்சு" என்று யாராவது சொன்னால், எந்தப் பரிசோதனை என்று முதலில் கேளுங்கள். அப்புறம் இன்னொன்று. புதிதாக ஒரு சாறு வாங்குகிறவர் அதே வாரத்தில் தே தாரேக்கையும் நிறுத்துகிறார், சாயந்திரம் திடலைச் சுற்றி நடக்கவும் ஆரம்பிக்கிறார். சீனி இறங்கினால் பேர் சாற்றுக்குப் போய்விடுகிறது.

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு ஒத்துப்போகுமா? இனிப்பு நீர்க்காரர் பெரும்பாலும் இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் சேர்த்தே மாத்திரை எடுப்பவர். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கவும் கூடும்.

மொத்தச் செலவு என்ன? விலை மட்டும் செலவு இல்லை. பஸ் காசு, போன நாள், இதை நம்பி விட்டுவிட்ட மாத்திரை, அதனால் கைநழுவிய மாதங்கள் எல்லாம் இதில் சேரும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொகை. அதை யாரும் ரசீதில் எழுதித் தருவதில்லை.

தப்பாகிப் போனால் யாரைப் போய்க் கேட்பது? கேட்க ஓர் ஆள், ஓர் இடம் இருக்க வேண்டும்.

## கிளினிக் மாத்திரை

உள்ளே என்ன என்பதில் சந்தேகமே இல்லை; மில்லிகிராம் கணக்கில் எழுதியிருக்கும். ஆதாரத்திலும் இதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி, புதிதாக நோய் தெரிந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து இருபது வருடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. சீனியை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்திருந்தன. சீனி எண் இறங்கியதோடு நிற்காமல் கண் பார்வை தப்பியதா என்று பார்த்த ஆய்வு அது. நாம் மருந்து சாப்பிடுவதே அதற்காகத்தானே.

அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டத்தில் இருந்து டவுனுக்கு வர வண்டி வேண்டும். காலை ஏழு மணிக்கு எண் எடுத்தால் மருந்து வாங்கி வெளியே வரப் பதினொன்று. நாள் சம்பளக்காரருக்கு அன்றைய கூலி போச்சு. கூட்டி வரும் பிள்ளைக்கும் லீவு. இதனாலேயே தேதியைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மருந்து தீர்வதற்குள் வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரையிலும் குறை உண்டு. மெட்ஃபோர்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மெதுவாகக் கரையும் வகை உண்டு, டாக்டரிடம் கேட்கலாம். பல வருடம் எடுத்தால் பி12 உயிர்ச்சத்து குறையலாம், பாதம் மரத்துப்போக அதுவும் ஒரு காரணம். மரக்கறி மட்டும் சாப்பிடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சத்து மாத்திரை சரியான தேர்வாக அமையும் இடம் இது: இரத்தத்தில் குறைவு என்று பார்த்து, அந்தக் குறைவுக்கு மட்டும்.

"மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்ற பயத்தைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். கிட்னியை அரிப்பது அடங்காத சீனியும் இரத்த அழுத்தமும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மெட்ஃபோர்மின் அளவைக் குறைப்பார்கள், ரொம்பத் தளர்ந்தால் நிறுத்துவார்கள். அதைப் பார்த்தவர்கள், மாத்திரையால்தான் தளர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மாத்திரை கூடிக்கொண்டே போவதற்கும் காரணம் இருக்கிறது. கணையம் வருடா வருடம் களைத்துப்போகிற நோய் இது. அக்கா, உங்கள் மாத்திரை கூடியதற்கு நீங்கள் செய்த தப்பு என்று ஒன்று இருக்க வேண்டியதே இல்லை.

## பின்கட்டுப் பச்சிலை

எனக்குப் பிடித்த வழி இது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு.

வெந்தயத்தில் தொடங்குகிறேன். மலாய்க்காரர்கள் ஹல்பா என்பார்கள். ஊற வைத்தால் கொழகொழவென்று வருகிறதே, அது கரையும் நார்ச்சத்து. சாப்பாட்டுச் சீனி குடலில் இருந்து இரத்தத்துக்குப் போவதை அது மெதுவாக்குகிறது. சிறு ஆய்வுகள் சிலவற்றில் சீனி ஓரளவு இறங்கியிருக்கிறது. அம்மா இராத்திரி ஒரு தேக்கரண்டி ஊறவைத்துக் காலையில் மென்று சாப்பிடுகிறார், எந்தத் தொந்தரவும் இல்லை. ஒன்றே ஒன்று: அதே கொழகொழப்பு மாத்திரையையும் பிடித்து வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

பாகற்காய் நம் வீடுகளில் மருந்துக்கு மருந்து, கறிக்குக் கறி. அதை எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, 2012இல், இனிப்பு நீருக்கு மருந்தாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. கறியாகச் சாப்பிடுங்கள், சந்தேகமே வேண்டாம். சோறு ஒரு கைப்பிடி குறைந்தால் அதுவே லாபம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு என்பது வேறு விஷயம். கிளிகிளாசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சாறும் சேர்ந்தால் சீனி கிடுகிடுவென இறங்கலாம். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் உடனே சீனித்தண்ணீர் கொடுக்க வேண்டும். தனியாக இருக்கும் பெரியவருக்கு யார் கொடுப்பது?

நிலவேம்பு, மலாயில் ஹெம்பெடு பூமி, நாக்கில் பட்டால் ஒரு நாள் முழுக்க மறக்காத கசப்பு. பூனைமீசை, மலாயில் மிசாய் குச்சிங், சிறுநீரைப் பெருக்கும். இரண்டையும் இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இங்கே மூன்று இனத்தாருமே குடிக்கிறார்கள். மருந்து என்று சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் நிரூபணம் ஆகவில்லை. அழுத்த மாத்திரையோடு சேர்ந்து தலைசுற்ற வைக்கலாம்.

தோட்டத்துக்காரர்களான நமக்கு மட்டும் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். செம்பனை வரிசை ஓரத்திலும் கான் மேட்டிலும் முளைத்திருக்கும் செடியைப் பறிக்காதீர்கள். அது மருந்தடிக்கிற இடம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதற்காகக் களைக்கொல்லி நின்றுபோகவில்லை, வேறு களைக்கொல்லி அடிக்கிறார்கள். தோட்டத்தில் மருந்தடித்த பெண்களின் நகம் கறுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். குடிக்கிற இலை வீட்டுத் தொட்டியில் வளர்ந்ததாக இருக்கட்டும்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த வழியே ஆபத்தாகலாம். நோனிச் சாறு, மலாயில் மெங்குடு, நம் ஊரில் நுணா, பொட்டாசியம் மிகுந்தது. பெலிம்பிங் பழம், அதாவது நட்சத்திரப் பழம், கிட்னி செயலிழந்தவருக்கு விடாத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். டயாலிசிஸ் செய்கிறவருக்குப் பழத்தட்டில் அன்பாகக்கூட அதை வைக்கக் கூடாது.

இந்த வழி யாருக்குச் சரி? மாத்திரையை விடாமல், சமையலோடு சேர்த்து, சோறும் இனிப்பும் குறைக்க ஒரு பிடிப்பாக வைத்துக்கொள்கிறவருக்கு. செலவும் இல்லை.

## வைத்தியர் தரும் சூரணம்

2016இல் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வந்தது, சட்டம் 775. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் என ஏழு துறைகள் அதற்குள் வருகின்றன. சித்தாவும் ஆயுர்வேதமும் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தில் அடங்கும். வைத்தியர் பதிவு பெற்றவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சித்தா பட்டம் இந்தியாவில் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. அப்படிப் படித்தவர் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார். கேட்டால் கோபப்படுகிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல வைத்தியரிடம் கிளினிக்கில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: நேரம். அம்மாவைப் பார்த்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். இராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மலம் எப்படிப் போகிறது, மத்தியானச் சோறு எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா இரண்டாவது தட்டுச் சோற்றை விட்டது டாக்டர் சொல்லி இல்லை, அவர் சொல்லித்தான். "மாத்திரையை நிறுத்தாதீங்கம்மா" என்றும் அவரே சொன்னார். நான் நம்பிக்கை வைத்தது அந்த ஒரு சொல்லில்தான்.

எச்சரிக்கை உலோகத்தில் இருக்கிறது. பற்பம், செந்தூரம் என்ற புடமிட்ட பொடி வகைகளில் பாதரசம், பாஷாணம் போன்றவை முறைப்படி சுத்தி (நஞ்சு நீக்கம்) செய்து சேர்க்கப்படுவது சித்தாவில் வழக்கம். சுத்தி சரியாக நடந்ததா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், போஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. அதனால் வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள்: "இதுல பற்பம், செந்தூரம் இருக்கா ஐயா?" கையால் மடித்துத் தரும் பொட்டலத்தில் எந்த எண்ணும் இருக்காது. உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஊரில் இருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் கொண்டுவரும் லேகியத்துக்கும் இதுவே பொருந்தும்.

அரசு மருத்துவமனைகளிலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. முதலாவது 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸில் வந்தது. நம் நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் மருத்துவமனையில் சிரோதாரா, அதாவது நெற்றியில் எண்ணெய்த் தாரை விடும் சிகிச்சை, உண்டு. நாள்பட்ட வலிக்கு மலாய் மசாஜும் அக்குபங்க்சரும் கொடுக்கும் பிரிவுகளும் இருக்கின்றன. அங்கே யாரும் உங்கள் இன்சுலினை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். மரம் வெட்டித் தேய்ந்த தோளுக்கும் முட்டிக்கும் இது நல்ல வழி. மசாஜுக்குப் போகிறவர் பாதம் மரத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சூடான எண்ணெய் சுட்டது தெரியாமல் கொப்புளம் வந்துவிடும்.

## புட்டிச் சாறும் சத்து டப்பாவும்

எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தார் அம்மாவுக்கு ஒரு பழச்சாற்றைக் கொண்டுவந்தார்கள். மாதம் இரண்டு புட்டி, 280 வெள்ளி. சாறு உள்ளே போனால் மாத்திரை வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை அம்மா நம்பினார். சொன்னவர் அன்பானவர், அவருக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. எனக்குத் தெரியாமல் நான்கு மாதம் மாத்திரைகள் தலையணை உறைக்குள் சேர்ந்தன. 7.4 இருந்த ஏ1சி 11.2 ஆனது. புதுச் செருப்பு கடித்த சின்னக் கொப்புளம், வலது கால் சுண்டுவிரல் ஓரத்தில், ஒரு காசு அளவுக்குப் புண்ணாகி, ஆறப் பத்து வாரம் ஆனது. தினமும் அதைக் கழுவிக் கட்டியவன் நான். ஓரம் வெளுத்து நடுவில் சிவந்திருக்கும் அந்தப் புண்ணை ஒவ்வொரு காலையும் திறந்து, கறுப்பு இருக்கிறதா என்று தேடியது இன்னும் மறக்கவில்லை.

விலையைக் கூட்டினால் நான்கு மாதத்துக்கு 1,120 வெள்ளி. இன்னொரு செலவும் உண்டு. வேண்டாம் என்று சொன்னதும் அந்தக் குடும்பம் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. உறவுக்குள் விற்கும் பொருளுக்கு இந்த விலை எப்போதும் இருக்கிறது.

இந்த வகையை எடை போட வழி கையிலேயே உண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைத் திருப்புங்கள். மருந்தாகவோ சத்து மாத்திரையாகவோ பதிவான பொருளில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கமும், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் சத்துப் பொருள், 'எக்ஸ்' என்றால் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்து, 'ஏ' என்றால் கட்டுப்பாட்டு மருந்து. அந்த எண்ணை என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தேடலில் போட்டால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தால் எண்ணைத் திருடி ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, எண் இருந்தால் குணமாக்கும் என்று அர்த்தமா? இல்லை. 'டி' எழுத்துப் பொருளில் கன உலோகம், கிருமி, கலப்படம் பார்க்கிறார்கள். "செகாரா திராடிசியோனால்" என்று லேபிளில் வருகிறதே, வழக்கத்தில் இதற்குப் பயன்படுத்தி வந்தார்கள் என்பது மட்டும்தான் அதன் பொருள். எங்கள் வீட்டுக்கு வந்த புட்டியில் எண்ணே இல்லை. அது உணவுப் பொருளாக விற்கப்பட்ட சாறு. உணவு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கக் கூடாது. இன்னும் ஒன்று: 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, சிறுநீரக நோய், இருதய நோய், புற்றுநோய், இரத்த அழுத்தம் உட்பட இருபது நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. "இனிப்பு நீர் முழுக் குணம்" என்று முகநூலில் படம் போட்டாலே அவர் சட்டத்தை மீறியவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

முட்டி வலிக்கு வாங்கும் குளுக்கோசமைன் பற்றியும் கேட்கிறார்கள். 1,583 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2006இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக இல்லை. அந்தக் காசில் நல்ல செருப்பு வாங்கலாம்.

கால் கழுவும் 'நச்சு நீக்கி' இயந்திரத்தையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். மண்டபத்தில் இலவசமாகக் காட்டுவார்கள். தண்ணீர் பழுப்பாக மாறியதும் எல்லோரும் பயந்துபோவார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து உள்ளே இருக்கும் இரும்புத் தகடு துருப்பிடிக்கும் நிறம் அது. காலை வைக்காமல் ஓட விடச் சொல்லுங்கள், அப்போதும் பழுப்பாகும்.

## பசார் மாலாம் (இரவுச் சந்தை) பொட்டலம்

இதுதான் எங்கள் அலமாரிக்கு வராதது. எண் இல்லாத காப்சூல், தாள் ஒட்டாத மாஜூன் (மூலிகை லேகிய) உருண்டை, புலனத்தில் வரும் "இரண்டே நாளில் வலி பறக்கும்" பொடி. இதற்கு நல்ல சூழ்நிலை என்று ஒன்றும் இல்லை.

இரண்டு நாளில் வலி பறப்பது உண்மையாகவே நடக்கும், ஏனென்றால் உள்ளே டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பார்கள். முகம் உப்பும், பசி கூடும், சீனி எகிறும், எலும்பு கரையும். சீனிக்கென்று விற்பதில் கிளிபென்கிளமைட் என்ற பழைய சீனி மாத்திரையையே அளவில்லாமல் கலப்பதுண்டு. 2008இல் சிங்கப்பூரில், ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மருந்துகளில் அது கலந்திருந்து, நூற்றைம்பது பேர் சீனி படுமோசமாக இறங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் இதைச் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. ஸ்டீராய்டு பழகிய உடம்பு தனக்கு வேண்டியதைச் சுரப்பதை மறந்திருக்கும், திடீரென நிறுத்தினால் மயங்கி விழலாம். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளினிக்குப் போங்கள். திட்டுவார்களோ என்று கூச்சப்பட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கள் வீட்டு மாதச் செலவு | உள்ளே இருப்பது தெரியுமா | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| கிளினிக் மாத்திரை | 1 வெள்ளி, வண்டிக்கு 15 | முழுசாக | ஒரு நாள் கூலி, வயிற்றுக் கலக்கம் | நோய் உறுதியான எல்லோருக்கும் |
| பின்கட்டுப் பச்சிலை | ஏறக்குறைய ஒன்றுமில்லை | செடி தெரியும், அளவு தெரியாது | மாத்திரையோடு சேர்ந்து சீனி அதிகம் இறங்குவது | மாத்திரையோடு சேர்த்து, கிட்னி நன்றாக இருப்பவருக்கு |
| வைத்தியர் சூரணம் | 150 வெள்ளி | எழுதித் தந்தால் | உலோகம் | பதிவு பெற்றவரிடம், வலி, தூக்கம், சாப்பாட்டு ஒழுங்குக்கு |
| புட்டிச் சாறு, சத்து டப்பா | 280 வெள்ளி | எண் இருந்தால் ஓரளவு | விட்ட மாத்திரை, முறிந்த உறவு | பரிசோதனையில் குறைவு தெரிந்த சத்துக்கு மட்டும் |
| எண் இல்லாத பொட்டலம் | வாங்கவில்லை | தெரியாது | உயிர் | யாருக்கும் இல்லை |

## "ஒரு மாசம் மட்டும் நிறுத்திப் பார்க்கலாமா?"

கல்யாணத்துக்கு மறுவாரம் அந்த அக்கா போன் செய்து இதைத்தான் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ஒரு மாதத்தில் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. சீனி ஏறியதே தெரியாமல் நன்றாக இருப்பதாகத் தோன்றும், அந்தத் தோற்றமே அடுத்த மூன்று மாதத்துக்கும் தைரியம் கொடுத்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

ஆசைப்பட்டால் மாத்திரையோடு சேர்த்து ஒன்றே ஒன்றைச் சோதிக்கலாம். ஆரம்பிக்கும் முன் ஏ1சி, மூன்று மாதம் கழித்து மறுபடி ஏ1சி. அந்த மூன்று மாதத்தில் வேறு எதையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஆரம்பிக்கும் தேதியைக் கிளினிக்கின் பச்சைப் புத்தகத்தில் எழுதி, மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருக்கும் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எண் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதை டாக்டரே செய்வார். இறங்காவிட்டால் அந்தப் புட்டிக்கான காசு மிச்சம். தினமும் இராத்திரி படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது இதில் எந்த வழிக்குப் போனாலும் உண்டு.

அக்காவுக்கு வருகிற வியாழக்கிழமை கிளினிக் தேதி. வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொன்னேன். நான் போனில் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: மூன்று வகை மாத்திரை, கருஞ்சீரக எண்ணெய், தம்பி மகன் ஊரில் இருந்து கொண்டுவந்த லேகியம், இன்னும் உடைக்காத இரண்டு புட்டிச் சாறு, பெயர் எழுதாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பதினொரு கறுப்பு உருண்டைகள். அந்த டப்பாவை முதலில் காட்டுங்கள் என்றேன்.